குளிர் மலையில் கூர் வெயில்: பழைய பாணிக் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் குடையும்

மலையகத்தில் வெயிலை நாம் உடம்பால் அளக்கிறோம். வியர்த்து வழிந்தால் வெயில் கடுமை என்கிறோம். காற்று குளிர்ந்தால் வெயிலே இல்லை என்று எண்ணிவிடுகிறோம். நுவரெலியாவில் ஏப்ரல் நண்பகலிலும் ஸ்வெட்டரைக் கழற்ற மனம் வராது. அதனால் கொழும்பில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெளியே இறங்காதவர்கள்கூட, நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்கியதும் அதைப் பையில் போட்டுவிடுகிறார்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களில் பலர், அது கல்யாணத்துக்கும் சீசனுக்கும் போட்டுக்கொள்ளும் அலங்காரம் என்றே நினைக்கிறார்கள்.

இரண்டும் தவறான எண்ணங்கள். கண்ணை மெல்ல மெல்லக் கெடுப்பது கண்ணுக்குத் தெரியாத கழியூதாக் கதிர்கள் (யூவி). காற்றின் குளிர் அவற்றைத் தடுப்பதில்லை. உயரம் கூடக் கூட அவற்றின் வலு கூடுகிறது. எனவே மலையில் கண்ணாடி வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது ஒளியைப் பற்றி. அழகு அதற்கு அடுத்தது. பழைய பாணிக் கண்ணாடிகள் இப்போது மீண்டும் கடைகளை நிறைத்திருப்பது இந்த வகையில் நல்ல செய்தி. அகன்ற லென்ஸும் தடித்த காதுப்பிடியும் கொண்ட அந்த வடிவங்கள் பல, கண்ணைக் காக்கும் வேலையையும் நன்றாகச் செய்பவை. எதை, எப்படிப் பார்த்து வாங்குவது என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது.

மலை வெயில் ஏன் வேறு

கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1000 மீற்றர் ஏறும்போதும் கழியூதாக் கதிர்களின் அளவு 10 முதல் 12 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. கதிரை வடிகட்டும் வளி மெலிந்துகொண்டே போவதுதான் காரணம். ஹட்டன் ஏறத்தாழ 1270 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா நகரம் 1868 மீற்றரிலும், ஹோர்ட்டன் சமவெளி 2100 மீற்றருக்கு மேலும் இருக்கின்றன. வானம் ஒரே அளவு தெளிவாக இருந்தால், கொழும்புக் கடற்கரையில் நிற்பவரைவிட நுவரெலியாவில் நிற்பவர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக இந்தக் கதிர்களைப் பெறுகிறார்.

காலமும் சேர்ந்துகொள்கிறது. ஏப்ரல் மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே வருகிறது. சீசன் என்று சொல்லப்படும் நுவரெலியா வசந்தகாலத்துக்கு ஊர் கூடுவதும் அதே நாட்களில்தான். கிரகரி வாவிக் கரையிலும், விக்டோரியா பூங்காவிலும், குதிரைப் பந்தயத் திடலிலும் பிள்ளைகுட்டிகளோடு நாள் முழுவதும் நிற்பவர்கள், ஆண்டின் உச்சக் கதிரை நாட்டின் உயரமான நகரத்தில் வாங்கிக்கொள்கிறார்கள். தை முதல் பங்குனி வரையான மாதங்களிலும் கவனம் வேண்டும். அதிகாலையில் புல்லில் உறைபனி படிந்திருக்கும். அதே நாளின் பத்து மணிக்கு வானம் துடைத்துவிட்டது போலிருக்கும், வெயிலும் கூர்மையாக இறங்கும்.

மப்பும் மூடுபனியும் போதிய பாதுகாப்பு என்று நம்ப வேண்டாம். மெல்லிய மேகம் வெளிச்சத்தைக் குறைத்துக் காட்டினாலும் கழியூதாக் கதிர்களின் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். நாளின் மொத்தக் கதிரில் 60 சதவீதம் காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில் இறங்குகிறது. தோலுக்கு அதுவே ஆபத்தான நேரம். கண்ணுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. உச்சி வெயிலைப் புருவ எலும்பும் இமையும் ஓரளவு மறைத்துவிடுகின்றன. காலை எட்டு, ஒன்பது மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் சாய்ந்து வரும் வெயிலுக்கு அந்த மறைப்பு இல்லை. அது நேரே கண்ணுக்குள் வருகிறது. கிழக்குச் சரிவில் காலையிலும் மேற்குச் சரிவில் மாலையிலும் வேலை செய்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கண்ணுக்கு என்ன நேர்கிறது

நீண்டகால வெயில் இரண்டு பாதிப்புகளைக் கொண்டுவரும். ஒன்று கண்புரை. கண்ணின் உள்ளேயிருக்கும் வில்லை வயதால் மங்குவது இயல்பு. கழியூதாக் கதிர்கள் அந்த மங்கலை விரைவுபடுத்தும் காரணங்களில் ஒன்று. மற்றது, வெண்விழியிலிருந்து கருவிழியை நோக்கி முக்கோணமாக வளரும் சதை. வெப்பமண்டல நாடுகளில் திறந்த வெளியில் உழைப்பவர்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. தொடக்கத்தில் உறுத்தலும் சிவப்புமாகத் தெரியும். கருவிழியின் நடுப்பகுதி வரை வளர்ந்தால் பார்வையை மறைக்கும். அப்போது அறுவைச் சிகிச்சை தேவைப்படும்.

இந்தச் சதை பெரும்பாலும் மூக்குப் பக்கத்தில்தான் தொடங்குகிறது. காதுப் பக்கத்திலிருந்து நுழையும் ஒளியைக் கருவிழி வளைத்து எதிர்ப்புறமான மூக்கோரத்தில் குவிப்பதே அதற்குக் காரணம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். கண்ணாடி வாங்குபவருக்கு இதில் நேரடியான பாடம் உண்டு. முன்பக்கம் எவ்வளவு நல்ல லென்ஸ் இருந்தாலும், பக்கவாட்டில் ஒளி புகுந்தால் பாதுகாப்பு பாதிதான்.

பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய ஐந்து சோதனைகள்

1. எழுத்தைப் பாருங்கள். காதுப்பிடியின் உட்புறத்திலோ ஒட்டியிருக்கும் தாளிலோ "யூவி 400" என்று இருக்க வேண்டும். 400 நனோமீற்றர் வரையான கழியூதாக் கதிர்களை லென்ஸ் தடுக்கும் என்பது அதன் பொருள். ஐரோப்பியத் தரத்தைக் காட்டும் "சிஇ" குறியும், "ஐஎஸ்ஓ 12312-1" என்ற தரக் குறிப்பும் கூடுதல் சான்று. ஆனால் தாளை யாரும் அச்சடிக்கலாம் என்பதால் இதோடு நிறுத்த வேண்டாம்.

2. கடையில் அளக்கச் சொல்லுங்கள். பல மூக்குக் கண்ணாடிக் கடைகளில் கதிரை அளக்கும் சிறு கருவி இருக்கிறது. லென்ஸை அதில் வைத்தால் எவ்வளவு கதிர் ஊடுருவுகிறது என்று காட்டிவிடும். வேறிடத்தில் வாங்கிய கண்ணாடியையும் கொண்டுபோய்க் கேட்கலாம். ரூபாய்த் தாள் பரிசோதிக்கும் ஊதா டார்ச்சை லென்ஸ் வழியாக அடித்துப் பார்ப்பதும் உண்டு. தாளின் ஒளிரும் குறிகள் மங்காமல் அப்படியே மின்னினால் லென்ஸைச் சந்தேகிக்கலாம். மலிவான டார்ச்சுகள் கழியூதாவோடு ஊதா வெளிச்சத்தையும் கலந்து விடுவதால் இது கருவிக்கு ஈடாகாது.

3. நேர்கோட்டைப் பாருங்கள். கண்ணாடியைக் கை நீட்டிப் பிடித்து, லென்ஸ் வழியாகக் கதவு நிலையையோ ஜன்னல் கம்பியையோ பார்த்தபடி மெதுவாக அசையுங்கள். கோடு நெளிந்தால் லென்ஸ் ஒழுங்காக வார்க்கப்படவில்லை. அதைப் போட்டால் தலைவலி வரும். படிகளிலும் சரிவுகளிலும் கால் வைக்கும் இடத்தின் கணிப்பும் தவறும்.

4. இடைவெளியைப் பாருங்கள். போட்டுக்கொண்டு முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று, புருவத்துக்கும் பிரேமுக்கும் இடையிலும் கன்ன ஓரத்திலும் எவ்வளவு வெளிச்சம் புகுகிறது என்று கவனியுங்கள். பக்கவாட்டிலிருந்து ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சிரித்துப் பாருங்கள், கன்னம் பிரேமைத் தூக்கினால் வேறு அளவுக்கு மாற்றுங்கள்.

5. எண்களைப் படியுங்கள். காதுப்பிடியின் உள்ளே 52, 18, 140 என்பது போன்ற மூன்று எண்கள் இருக்கும். முதலாவது ஒரு லென்ஸின் அகலம், இரண்டாவது மூக்குப் பாலத்தின் அகலம், மூன்றாவது காதுப்பிடியின் நீளம், எல்லாம் மில்லிமீற்றரில். உங்கள் முகத்துக்குச் சரியாக அமைந்த ஒரு கண்ணாடியின் எண்களைக் குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த முறை தேர்வு எளிது. மூக்குத்தண்டு தாழ்வாக உள்ளவர்கள் வளைத்துச் சரிசெய்யக்கூடிய மூக்குத் திண்டு வைத்த பிரேமைக் கேட்கலாம்.

கருமை மட்டும் பாதுகாப்பு ஆகாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கறுப்பு லென்ஸுக்குள் வெளிச்சம் குறைவதால் கண்மணி விரிகிறது. கழியூதாவைத் தடுக்காத லென்ஸாக இருந்தால், விரிந்த கண்மணி வழியாக வழக்கத்தைவிடக் கூடுதல் கதிர் உள்ளே போகும். அப்படிப்பட்ட கண்ணாடியைப் போடுவதைவிடப் போடாமல் இருப்பதே மேல். அதேபோல விலையும் சான்று ஆகாது. பொலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக், கழியூதாக் கதிர்களை இயல்பாகவே ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சிவிடும். எனவே எளிய விலையில் நல்ல லென்ஸ் கிடைப்பது நடக்கக்கூடியதே. பெயர்பெற்ற நிறுவனத்தின் முத்திரைக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி பிரேமுக்கும் பெயருக்கும் போகிறது.

பழைய பாணிகள்: எது யாருக்கு

கறுப்புக் கண்ணாடி எல்லோர் கைக்கும் எட்டிய பொருளானது 1929க்குப் பிறகு. அந்த ஆண்டில் சாம் ஃபாஸ்டர் என்பவர் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி கடற்கரையில் மலிவான பிளாஸ்டிக் கண்ணாடிகளை விற்கத் தொடங்கினார். இன்று பழைய பாணி என்று விற்கப்படுபவை பெரும்பாலும் அடுத்த நாற்பது ஆண்டுகளில் பிறந்த வடிவங்கள்.

ஏவியேட்டர்: விமானிகளுக்காக உருவான வடிவம். பாஷ் அண்ட் லாம் நிறுவனம் 1937இல் ரேபான் என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கண்ணீர்த்துளி வடிவில் கீழே இறங்கும் லென்ஸுக்குக் காரணம் உண்டு. விமானி அடிக்கடி கீழே கருவிகளைப் பார்ப்பார். அப்போதும் கண் லென்ஸுக்கு வெளியே போகக் கூடாது. செடி மேல் குனிந்த பார்வையோடு கொழுந்து பறிப்பவருக்கும் அதே தேவை இருக்கிறது. மெல்லிய உலோகப் பிரேம் வளையக்கூடியது, வியர்வையில் வழுக்கக்கூடியது என்பவை இதன் குறைகள்.

வேஃபேரர்: 1952இல் வந்தது. உலோகத்தை விட்டு, தடித்த அசிட்டேட் பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டது. அகன்ற காதுப்பிடி பக்கவாட்டு ஒளியை நன்றாக மறைக்கும். பழைய வேஃபேரரின் முகப்பு சற்றே முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். கன்ன எலும்பு உயர்ந்தவர்கள் சாய்வு குறைந்த புதிய அமைப்பைக் கேட்டு வாங்குவது நல்லது. அன்றாடப் பாவனைக்கு இந்த அத்தியாயத்தின் முதல் பரிந்துரை இதுதான்.

பூனைக்கண்: வெளியோரங்கள் மேல்நோக்கி ஏறும் பெண்கள் கண்ணாடி. 1930களின் பிற்பகுதியில், வெனிஸ் நகர முகமூடிகளைப் பார்த்து அல்டினா ஷினாசி உருவாக்கிய வடிவத்திலிருந்து வளர்ந்தது. 1950களில் உலகெங்கும் பரவியது. புருவ ஓரத்தை நன்றாக மறைக்கும். கீழ்ப்பகுதி குறுகிய மாதிரிகளைத் தவிர்த்து, லென்ஸ் உயரம் கூடியதைத் தேர்ந்தெடுங்கள்.

புருவக்கோடு: மேல்பாதி தடித்த பிளாஸ்டிக், கீழ்பாதி மெல்லிய உலோகம். 1947இல் அமெரிக்காவில் ஷுரான் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. நம் வீட்டு அல்பங்களில் இருக்கும் பழைய ஆசிரியர்களின் படங்களில் இந்த வடிவத்தைக் காணலாம். பார்வைக் குறை உள்ளவர்கள் பவர் லென்ஸோடு போட இது நன்கு பொருந்தும்.

சிறு வட்டம்: 1960களில் பாடகர் ஜான் லெனனால் புகழ்பெற்றது. படம் எடுக்க அழகு. மலை வெயிலுக்குப் போதாது. நான்கு பக்கமும் ஒளி புகும். வட்டம்தான் வேண்டும் என்றால் பெரிய வட்டத்தை எடுங்கள்.

நம் கண்ணில் பதிந்த கறுப்புக் கண்ணாடி முகம் எம்.ஜி.ஆருடையது. 1917இல் நாவலப்பிட்டியில் பிறந்தவர் அவர். கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு ரயிலேறும் யாரும் கடந்துபோகும் ஊர் அது. பிற்காலத்தில் அவர் அணிந்த அகன்ற கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைத் தொப்பியும் அவருடைய அடையாளமாகவே ஆகிவிட்டன. மலையகத்தில் அவருடைய படம் மாட்டப்படாத லயம் ஒரு காலத்தில் அரிது. அந்தப் பெரிய, முகத்தோடு ஒட்டிய வடிவம் இன்றைய கண் மருத்துவரின் அறிவுரைக்கும் பொருந்துவது நமக்கு வசதி. அந்தப் பாணியை ஆசையோடு போடலாம். கூடவே கண்ணும் காக்கப்படும்.

ஒரு எச்சரிக்கை. பழம்பொருளாக விற்கப்படும் சில கண்ணாடிகளின் பிரேம் உண்மையான ஆமை ஓட்டால் ஆனது. அது அழிவின் விளிம்பில் நிற்கும் அழுங்காமையின் ஓடு. அதன் பன்னாட்டு வணிகம் தடைசெய்யப்பட்டிருக்கிறது, இலங்கைச் சட்டமும் கடலாமைகளைப் பாதுகாக்கிறது. அதே புள்ளிக் கோலம் அசிட்டேட்டில் அழகாகக் கிடைக்கும்போது உண்மை ஓட்டைத் தொட வேண்டியதில்லை.

கருமையும் நிறமும்

லென்ஸின் கருமை 0 முதல் 4 வரை தரப்படுத்தப்படுகிறது. 2ஆம் தரம் வெளிச்சத்தில் 18 முதல் 43 சதவீதத்தை உள்ளே விடும். 3ஆம் தரம் 8 முதல் 18 சதவீதத்தை விடும். திறந்த வெளிக்கு, கிரகரி வாவிப் படகுக்கு, ஹோர்ட்டன் சமவெளி நடைக்கு 3ஆம் தரம் சரி. மூடுபனியும் நிழல் மரங்களும் மாறி மாறி வரும் தோட்டத்துக்கு 2ஆம் தரம் பொருத்தம். 4ஆம் தரம் பனிமலைக்கும் பாலைக்கும் உரியது. அதைப் போட்டுக்கொண்டு வாகனம் ஓட்டவே கூடாது.

நிறத்தைப் பொறுத்தவரை சாம்பலும் சாம்பல்பச்சையும் பொருட்களின் நிறத்தை மாற்றாமல் காட்டும். பழுப்பு நிறம் மங்கலான வெளிச்சத்தில் மேடு பள்ளத்தை எடுத்துக் காட்டும் என்பதால் மூடுபனிப் பாதையில் நடப்பவர்களுக்கு உதவும். நீலமும் இளஞ்சிவப்பும் அழகுக்கு மட்டும்.

போலரைஸ்டு லென்ஸ் நீரிலும் ஈரத் தார்ச்சாலையிலும் பட்டுத் தெறிக்கும் கண்கூசும் ஒளியை வெட்டும். மழை விட்டு வெயிலடிக்கும் ஹட்டன் - நுவரெலியா வீதியில் ஓட்டுபவர்களுக்கு இது பெரிய உதவி. உண்மையானதா என்று பார்க்க, அத்தகைய இரண்டு கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து, ஒன்றை மட்டும் கால்வட்டம் திருப்புங்கள். ஊடாகப் பார்த்தால் இருண்டுவிட வேண்டும். ஆனால் போலரைஸ்டு என்பதும் யூவி 400 என்பதும் வேறு வேறு. இரண்டையும் தனித்தனியே கேளுங்கள்.

வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸ் மலையில் சற்று வேறாக நடந்துகொள்ளும். குளிரில் அது அதிகம் கறுக்கும், மீண்டும் தெளிய அதிக நேரம் எடுக்கும். வாகனத்துக்குள் முன்கண்ணாடியே கதிரைத் தடுத்துவிடுவதால் சரியாகக் கறுக்காது. வாகனம் ஓட்டுபவர்கள் ரம்பொடைச் சுரங்கத்துக்குள் நுழையும் முன் எந்தக் கறுப்புக் கண்ணாடியையும் கழற்றிவிட வேண்டும்.

கொழுந்து மலைக்கு

மலையகத்தில் மிக அதிகமாக வெயிலில் நிற்பவர்கள் கொழுந்து பறிக்கும் பெண்கள். காலையில் பிரட்டுக்களத்தில் தொடங்கி மாலை கொழுந்து நிறுக்கும் வரை அவர்களுடைய நாள் திறந்த வானத்தின் கீழே போகிறது. கறுப்புக் கண்ணாடி போட்டால் "படம் காட்டுகிறாள்" என்று கேலி செய்வார்களோ என்ற தயக்கம் பலருக்கு உண்டு. கையுறையையும் பூட்ஸையும் போல இதுவும் வேலைக்கான பொருள் என்று நாம் பழக வேண்டும். தேர்வு இப்படி இருக்கட்டும்:

- பொலிகார்பனேட் லென்ஸ், யூவி 400, 2ஆம் தரக் கருமை.
- சாம்பல் அல்லது சாம்பல்பச்சை நிறம். இரண்டு இலையும் ஒரு அரும்பும் என்று இளம் பச்சையையும் முற்றிய பச்சையையும் பிரித்துப் பார்ப்பது பறிப்பவரின் திறமை. அதை லென்ஸ் குழப்பக் கூடாது.
- எடை குறைந்த பிளாஸ்டிக் பிரேம். குனிந்து நிமிரும் வேலை என்பதால் பின்னந்தலையில் கட்டும் துணிக் கயிறு அல்லது பட்டி கட்டாயம்.
- மூடுபனி இறங்கிப் பார்வை மங்கினால் உடனே கழற்றிவிட வேண்டும். சரிவில் கால் வைக்கும் இடம் தெரிவது எல்லாவற்றையும்விட முக்கியம்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். கவ்வாத்து வெட்டும்போதும் மருந்து அடிக்கும்போதும் வெயில் கண்ணாடி போதாது. தெறிக்கும் குச்சிக்கும் மருந்துத் துளிக்கும் பக்கங்கள் மூடிய பாதுகாப்புக் கண்ணாடிதான் வேண்டும்.

அப்பாவின் பழைய பிரேம்

பெட்டியில் கிடக்கும் அப்பாவின் அல்லது தாத்தாவின் பிரேம் உண்மையான பழைய பாணி. அதை வீசிவிட வேண்டாம். லென்ஸ் கீறி, பூச்சு உரிந்திருந்தாலும் பிரேம் வெடிக்காமலும் திருகு துருப்பிடிக்காமலும் இருந்தால், கண்ணாடிக் கடையில் புதிய லென்ஸ் வெட்டிப் பொருத்தித் தருவார்கள். "பவர் இல்லாத லென்ஸ், யூவி 400, சாம்பல்பச்சை, 3ஆம் தரம்" என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். பவர் உள்ளவர்கள் தங்கள் பவரோடு நிறம் ஏற்றச் சொல்லலாம். சிலருக்கு மேலே தூக்கிவிடக்கூடிய இணைப்பு லென்ஸ் வசதியாக இருக்கும். அதுவும் 1950, 60களின் பாணிதான்.

நுவரெலியா பேல் பஜாரில் குளிர்ச் சட்டைகளோடு தொப்பியும் சால்வையும் குவிந்து கிடக்கும். பழைய தோற்றமுள்ள அணிகலன்கள் தேட நல்ல இடம். துணியை அங்கே தாராளமாகத் தேர்ந்தெடுங்கள். கண்ணாடிக்கு மட்டும், சீசன் கால வீதியோரக் கடை உட்பட எங்கே வாங்கினாலும், மேலே சொன்ன ஐந்து சோதனைகளையும் செய்யுங்கள்.

தொப்பி, குடை, துணி

கண்ணாடி தனியாக முழுக் காவல் தராது. விளிம்புள்ள தொப்பி சேர்ந்தால்தான் மேலிருந்து வரும் ஒளி குறையும். பெரியவர்களுக்குக் குறைந்தது 7.5 சென்ரிமீற்றர் அகல விளிம்பு சுற்றிலும் இருக்க வேண்டும். கிரிக்கெட் தொப்பி காதையும் பிடரியையும் வெயிலுக்கே விட்டுவிடும். தோட்டத் துரைமார்கள் அணிந்த அந்தக்கால நெட்டித் தொப்பி சுற்றிலும் விளிம்பும் உள்ளே காற்றோட்டமும் கொண்டது. பின்னல் இறுக்கமான இன்றைய பனை ஓலைத் தொப்பிகள் அதே வேலையை எடை குறைவாகச் செய்கின்றன. வெயிலில் பிடித்துப் பாருங்கள். நிழலில் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் விழுந்தால் பின்னல் தளர்வு.

தலையில் கூடைக் கயிறு மாட்டுபவர்களுக்கு அகன்ற விளிம்புத் தொப்பி ஒத்துவராது. கயிறு படும் இடத்துக்குக் கீழே, நெற்றியைச் சுற்றி முன்விளிம்பு மட்டும் உள்ள வைசரைக் கட்டி, அதன்மேல் வழக்கமான தலைத்துண்டைக் காதும் பிடரியும் மறையப் போடலாம். துண்டு நெருக்கமாக நெய்த பருத்தியாகவும் அடர் நிறமாகவும் இருந்தால் நல்லது. நனைந்த பருத்தித் துணி காய்ந்ததைவிடக் கூடுதல் கதிரை உள்ளே விடும் என்பதால், தூறலுக்குப் பின் வெயில் வந்தால் துண்டை மாற்றிக்கொள்ளுங்கள்.

குடை மலையகத்தின் மிகச் சிறந்த கோடை அணிகலன். மழைக்கென்றே நினைத்து வைத்திருக்கும் கறுப்புக் குடை, வெயிலுக்கும் வெளிர் நிறக் குடைகளைவிடச் சிறந்தது. வளைந்த மரப்பிடி வைத்த பழைய நீளக் குடை இப்போது மீண்டும் பாணியில் வந்திருக்கிறது. பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் தாய்மாரும், பாடசாலை விட்டுக் கிலோமீற்றர் கணக்கில் நடக்கும் பிள்ளைகளும் வெயிலிலும் அதை விரிக்கட்டும்.

சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். மார்கழிப் போயா முதல் வெசாக் வரை நீளும் பருவத்தில் பெரும்பாலோர் இரவில் மலையடிவார நல்லதண்ணியிலிருந்து ஏறுவார்கள். கம்பளித் தொப்பியை மறப்பதில்லை. கறுப்புக் கண்ணாடியை எடுப்பதில்லை. இறங்கும்போது கிழக்கு வெயில் முகத்துக்கு நேரே நிற்கும், கீழே ஆயிரக்கணக்கான படிகள் இருக்கும். கண்ணாடியைப் பையில் வையுங்கள். ஆனால் உதித்து மேலெழும் சூரியனை எந்தக் கறுப்புக் கண்ணாடி வழியாகவும் உற்றுப் பார்க்காதீர்கள். அதற்கான காவல் அதில் இல்லை.

பிள்ளைகளுக்கு

சிறு பிள்ளைகளின் கண் வில்லை மிகத் தெளிவானது. பெரியவர்களுடையதைவிடக் கூடுதல் கதிரை விழித்திரை வரை விடும். சீசன் கடைகளில் பிள்ளைகள் ஆசைப்படும் பொம்மைக் கண்ணாடிகளில் பல வெறும் நிறப் பிளாஸ்டிக். வாங்கிக் கொடுப்பதானால் யூவி 400 உள்ளதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் நல்ல தொப்பி போதும்.

பேணுதல்

தூசி படிந்த லென்ஸைச் சேலைத் தலைப்பால் துடைத்தால் கீறல் விழும். முதலில் தண்ணீரில் அலசி, ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் தடவி, மீண்டும் அலசி, மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள். லென்ஸ் தரையில் படும்படி கவிழ்த்து வைக்காதீர்கள். வேனின் முன்பலகையில் வெயிலில் போட்டு வைத்தால் அசிட்டேட் பிரேம் வளையும், பூச்சு வெடிக்கும். தலைமேல் தூக்கி வைக்கும் பழக்கம் காதுப்பிடியை அகட்டிவிடும். அதன்பின் கண்ணாடி மூக்கில் நிற்காது. நடுவில் கீறல் விழுந்த லென்ஸை மாற்றிவிடுங்கள்.

கண்ணில் சதை வளர்வது தெரிந்தாலும், பார்வை புகைமூட்டமாக இருந்தாலும், இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தாலும் கடைக்காரரின் யோசனையோடு நிறுத்த வேண்டாம். நுவரெலியா வைத்தியசாலையிலோ டிக்கோயா ஆதார வைத்தியசாலையிலோ காட்டி, கண் மருத்துவரிடம் அனுப்பும்படி கேளுங்கள். நாற்பது வயது கடந்தவர்கள் அறிகுறி இல்லாவிட்டாலும் கண்ணைச் சோதித்துக்கொள்வது நல்லது.

சீசனுக்குப் புதுக் கண்ணாடி எடுக்க நகரத்துக்குப் போகும் தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்குப் பிடித்த ஏவியேட்டரையும் வேஃபேரரையும் ஆசையோடு வாங்குங்கள். அதே கடையில், எளிய விலையில், யூவி 400 எழுதிய இன்னொரு கண்ணாடியும் எடுங்கள். அது கொழுந்து மலைக்குப் போகும் அம்மாவுக்கு. நம் குடும்பங்களில் அதிக வெயில் படும் கண்கள் அவருடையவை. நல்ல கண்ணாடி முதலில் சேர வேண்டியதும் அவருக்கே.